கர்த்தர் ஆயத்தப்படுத்திய வாகனம்

சிலிண்டரை செலின் கொண்டுபோய்விட்டாள். மூன்று நாளாக வயலட் பத்திரமாக வைத்திருந்த ஸ்தோத்திரம் அது. செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்பு நீலமாக இரண்டு துடிப்புத் துடித்து அணைந்த அதே நிமிஷத்தில் வாசலில் புதுச் சிலிண்டர் உருளும் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு இது போதும் என்று அப்போதே முடிந்து வைத்துக்கொண்டாள். இப்போது சுகந்தி டீச்சர் வீட்டு ஹாலில், பாயில், நான்காவதாக உட்கார்ந்திருந்த செலின் கண்ணை மூடிக்கொண்டு, "கேஸ் தீர்ந்த அன்னைக்கே புதுசு வந்துட்டு, அதுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி, எல்லாரும் ஆமென் போட்டும் ஆயிற்று. ஒரே தெரு, ஒரே வண்டி, செலின் வீட்டுக்கும் அன்றைக்குத்தான் வந்திருக்கும் என்பது ஏன் தோன்றாமல் போயிற்று. வேறு நாளாக இருந்தால் இது ஒரு கஷ்டமே இல்லை. செலின் சொன்னதையே இன்னும் கொஞ்சம் உருக்கமாகச் சொல்லிவிட்டு எழுந்து காப்பி குடிக்கலாம். இன்றைக்கு ஐயரம்மா ஒரு சட்டம் போட்டுவிட்டார். பாளையங்கோட்டைப் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா. இவர் வந்து ஆறே மாதமான புது ஐயரம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். "போன மாசம் பதினோரு பேருல ஒம்பது பேரு 'நல்ல சொகம் தந்தாரு'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டீங்க. இன்னைக்கு ஒருத்தங்க சொன்னத இன்னொருத்தங்க சொல்லக் கூடாது. சின்ன காரியமா இருக்கட்டும், ஆனா உங்களுக்குன்னு உள்ளதா இருக்கணும்" என்றார். ஸ்தோத்திரம் செய்வது சுலபம் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தவர்கள் எல்லாம் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வயலட் இருந்தது ஒன்பதாவது இடம். வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த இடம். வாசலுக்கு நேராகக் காற்று வரும், முறை வருவதற்குள் யோசிக்க நேரம் கிடைக்கும், பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டால் தேய்ந்துபோன முட்டியை நீட்டிக்கொள்ளலாம். அந்த இடம்தான் வினையாகிவிட்டது. முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது தயாமணி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். இடம் என்று இருந்தது அது ஒன்றுதான். வயலட் முட்டியை அவசரமாக மடக்கினாளா, இல்லை இன்னும் கொஞ்சம் நீட்டினாளா என்று அவளுக்கே தெரியாது. தயாமணி வந்து உட்கார்ந்தாள். நான்கு வருஷமாகப் பேசாத ஒருத்தியின் முழங்கை இரண்டு அங்குலம் தள்ளி இருந்தால், அந்தப் பக்கத்துத் தோல் தனியாக விழித்துக்கொள்கிறது. மின்விசிறி திரும்பும்போதெல்லாம் தயாமணியின் முந்தானை பறந்துவந்து வயலட்டின் கையைத் தொட்டது. முதல் இரண்டு தடவை கையை இழுத்துக்கொண்டாள், மூன்றாவது தடவை, முந்தானை என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டாள். அடுத்தடுத்த வீடு இரண்டு பேருக்கும். நடுவில் இடுப்பு உயரச் சுவர். முன்னெல்லாம் அந்தச் சுவருக்கு மேல் போகாத பாத்திரம் கிடையாது. குழம்பு போகும்; கிண்ணம் வெறுமையாகத் திரும்பக் கூடாதென்று முருங்கைக்கீரையாவது வரும். இப்போது சுவர் வெறும் சுவராக இருக்கிறது. கோயிலில் தயாமணி வலது பக்கம், வயலட் இடது பக்கம். எல்லாம் பழகிவிட்டது. பழகாதது தயாமணியின் சிரிப்பு ஒன்றுதான். காலையில் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டே போனில் யாரிடமாவது சிரிப்பாள். அது சுவரேறி வரும். அடுப்படியில் வயலட் காரணமே தெரியாமல் கூடச் சிரித்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து வாயை மூடிக்கொள்வாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு சுகர் நூத்தி நாப்பதுக்கு எறங்கிட்டு" என்றாள் ராஜகனி. அதுவும் போயிற்று. ஆசீருக்கும் இறங்கித்தான் இருந்தது, நூற்று முப்பத்தெட்டு. இரண்டு புள்ளி குறைவு, ஆகவே இது வேறு ஸ்தோத்திரம் என்று ஐயரம்மாவிடம் வாதாட முடியுமா. ஆசீர் அவளுடைய வீட்டுக்காரர். இந்நேரம் மத்தியானத் தூக்கம் கலைந்து, காப்பிக்கு ஆள் இல்லையே என்று அடுப்படியை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். சர்க்கரை டப்பாவைத் தொடாமல் இருக்க வேண்டும். ஒளித்துத்தான் வைத்திருக்கிறாள், ஆனால் எந்த டப்பாவில் ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனுஷன். எட்டிப் பார்க்க அவர் இருக்கிறார் என்று நினைத்ததுமே பக்கத்து முழங்கை பெரிதாகிவிட்டது. எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் யோசனை அந்த முழங்கையில்தான் வந்து இடிக்கிறது. ஆசீர் இன்றைக்கு இருப்பதற்குக் காரணம் அதுதானே. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணி. ஆசீர் குளியலறையில் விழுந்தார். வாளி உருண்ட சத்தம் கேட்டு, அந்தப் பக்கம் கேன் ஏற்றிக்கொண்டிருந்த தயாமணி சுவரேறிக் குதித்தாள். தாழ்ப்பாளை உதைத்தாள். இருபது லிட்டர் கேனைத் தூக்கிப் பழகிய தோளில் ஆசீரைச் சாய்த்துக்கொண்டு போய், தன்னுடைய குட்டியானையின் பின்னால், கேன்களுக்கு நடுவே படுக்கவைத்தாள். அந்தச் சின்ன லாரியில்தான் அவள் ஊருக்கே தண்ணீர் கொண்டுபோய்ப் போடுவாள். நைட்டிக்கு மேல் ஒரு துண்டோடு, ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில், ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் பன்னிரண்டு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மூன்று நாள் அந்த நைட்டியோடே வராந்தா பெஞ்சில் கிடந்தாள் தயாமணி. ஊரில் பாதிப் பேருக்குத் தண்ணீர் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கோயிலில் அறுப்பின் பண்டிகையன்று, ஆசீர் பிழைத்ததை வயலட் சபைக்கு முன்னால் சாட்சியாகச் சொன்னாள். நோட்டில் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று பழகி, பன்னிரண்டு நிமிஷம் சொன்னாள். மைக்கைப் பிடித்தால் நாக்குக்கு வேறு பாஷை வந்துவிடுகிறது. அது வீட்டில் பேசுகிற பாஷை இல்லை, யாரையும் கூப்பிடுகிற பாஷையும் இல்லை. டாக்டர் பெயரைச் சொன்னாள். ஓடிவந்து ஜெபித்த பழைய ஐயர் பெயரைச் சொன்னாள். ஊசி போட்ட நர்ஸ் பெயரைக்கூடச் சொன்னாள். தயாமணியின் இடம் வந்தபோது, "அந்த இக்கட்டான வேளையிலே கர்த்தர் ஒரு வாகனத்தை ஆயத்தப்படுத்தினார்" என்றாள். அல்லேலூயா என்றது சபை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்வி. வயலட் ஒரு முழுக் குட்டியானையையே சாட்சியில் மறைத்தாள். ஆராதனை முடிந்து அசனச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது தயாமணி தட்டோடு பக்கத்தில் வந்தாள். "மைனி, நான் வாகனமா?" என்றாள். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி வயலட்டை மைனி என்றுதான் கூப்பிடுவாள். அப்போது சிரித்திருக்கலாம். ஐயோ, விட்டுப்போச்சு தயா என்று கையைப் பிடித்திருக்கலாம். வயலட்டுக்கு அன்றைக்கென்று வேதாந்தம் வந்தது. "மனுஷருக்கு மகிமை சேரக் கூடாதுல்லா. எல்லாம் ஆண்டவர் செஞ்சது" என்றாள். "ஆண்டவர் செஞ்சதுதான். அவருக்கு லைசென்ஸ் இல்லன்னுதான் என்னய ஓட்டச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, தயாமணி தட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனாள். அது நியாயமான கேலி என்று வயலட்டுக்கு அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய.

மகிமை கர்த்தருக்கே என்பதைத்தான் இத்தனை நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லும்போதெல்லாம் ஒரே இடத்தில், ஆணியில் மாட்டின சேலைபோல நின்றுவிடும். அப்படியென்றால் டாக்டர் பெயரை ஏன் சொன்னாய். நர்ஸுக்கு மட்டும் மகிமை சேரலாமா. காரணம் அதுவல்ல, வயலட்டுக்குத் தெரியும். தயாமணியின் பெயரைச் சொன்னால், உள்ளே வந்தபோது தயாமணி பார்த்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். சாட்சியில் வயலட் "அந்த நிமிஷமே நான் முழங்காலில் விழுந்தேன்" என்று சொல்லியிருந்தாள். விழவில்லை. சத்தம் கேட்டுப் போனாள், கதவு உள்ளே தாழிட்டிருந்தது, இரண்டு தடவை கூப்பிட்டாள், பதில் இல்லை, திரும்பி அடுப்படிக்குப் போய்த் தோசையைத் திருப்பிப் போட்டாள். ஏன் என்று இன்றுவரை தெரியாது. அந்தத் தோசை வேக வேண்டும் என்பது உலகத்திலேயே பெரிய காரியமாக இருந்தது. தோசைக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெபம் வரவில்லை, அழுகை வரவில்லை, தோசையின் ஓரம் சிவப்பது மட்டும் அத்தனை துலக்கமாகத் தெரிந்தது. தயாமணி வந்து "மைனி, அண்ணன் எங்க" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு இடது கன்னத்தில் ஒன்று வைத்தாள். அதற்கப்புறம்தான் வயலட்டுக்குக் காது கேட்டது, அழுகை வந்தது, குளியலறையைக் காட்ட விரலும் வந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் கதவுக்கு அந்தப் பக்கம் கிடக்க, பெண்டாட்டி தோசை சுட்டாள் என்பதை மைக்கில் எப்படிச் சொல்வது. அறைந்தவளின் பெயரை எடுத்தால் அறை வாங்கிய கதையும் கூடவே வரும். அதனால் வாகனம் என்றாள். வாகனம் யாரையும் அறைவதில்லை.

அந்த முழங்கால் அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பழைய ஐயர் அடுத்த ஞாயிறே அதை எடுத்துப் பிரசங்கம் வைத்தார். அதற்கடுத்த மாதம் முழங்கால் ஜெபக் குழு என்று ஒன்று ஆரம்பித்து, வயலட்டைத் தலைவியாகப் போட்டார்கள். சனிக்கிழமைதோறும் காலை ஐந்தரைக்கு, சிமெண்டுத் தரையில், ஒரு மணி நேரம். முட்டி தேய்ந்ததே அங்கேதான். ஒரு நாள் முழங்காலில் நின்றதாகச் சொன்னவளை நாலு வருஷமாக நிறுத்திவைத்துவிட்டார் ஆண்டவர். அவருக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு. இன்றைக்கு உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். தலைவி பதவி போகும், அது போனால் முட்டிக்கு நல்லது. ஆனால் தெருவில் நடக்கும்போது ஆள்கள் பார்க்கிற பார்வை போகுமே. வயலட் அக்காவா, ஜெபிக்கிறவங்க, என்கிற அந்தப் பார்வை. ஆறாவதாக ஒருவர் மகளுக்கு வேலை நிரந்தரமானதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் வயலட்டின் பட்டியலில் இருந்ததுதான், அவள் மகளுக்கும் ஓசூரில் நிரந்தரமாகியிருந்தது, போகட்டும். ஏழாவது நேசமணி. கண் ஆபரேஷனை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஆரம்பித்தாள். நல்லது, நேசமணி, மெதுவாகச் சொல்லு, கண்ணுக்கு மருந்து விட்டதையும் சொல்லு. அடுப்படியிலிருந்து முந்திரிக்கொத்து பொரிகிற வாசனை வந்தது. சுகந்தி டீச்சர் வீட்டு முந்திரிக்கொத்தில் ஏலக்காய் எப்போதும் ஒரு பிடி கூடுதல். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் சரி, மின்விசிறி. இந்த வெயிலில் கரண்ட் போகாமல் இருப்பதற்கு ஸ்தோத்திரம். யாரும் சொல்லவில்லை, உண்மையும்கூட, யாருக்கும் நோகாது. வயலட் நிம்மதியாக மூச்சு விட்டாள். கரண்ட் மட்டும் போகாமல் இருக்க வேண்டும்.

எட்டாவது ஜாய்ஸ், செலினின் மருமகள், கல்யாணமாகி நாலு மாதம். தலையைக் குனிந்துகொண்டு, "இந்த வாரம் எங்க அத்த என் சாம்பாரப் பத்தி ஒண்ணும் சொல்லல. உப்பு கூடிப்போன அன்னைக்குங்கூட மோர ஊத்திச் சாப்டுட்டு எந்திரிச்சிட்டாங்க. அத்தைக்காக ஸ்தோத்திரம்" என்றாள். செலின் ஒரு கண்ணைத் திறந்தாள். யாரோ களுக்கென்று சிரிக்க, வட்டமே சிரித்தது. செலினும், "அன்னைக்கு உப்பு கூடல ஏட்டி, கொட்டிக் கெடந்துது" என்று சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். மூக்கை எதற்குத் துடைக்கிறாள். வயலட் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு மாதப் பெண், எதிரில் உட்கார்ந்திருக்கிற மாமியாரைப் பெயர் குறித்துச் சொல்லிவிட்டது, கூரை விழவில்லை. ஆண்டவருடைய மகிமையிலும் ஒரு துளி குறைந்ததாகத் தெரியவில்லை. "வயலட் அக்கா" என்றார் ஐயரம்மா. மின்விசிறி, மின்விசிறி என்று நினைத்துக்கொண்டு வயலட் வாயைத் திறந்தாள்.

"தயாமணிக்காக ஸ்தோத்திரம்" என்றாள். சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பக்கத்து முழங்கை அசையாமல் நின்றது. யாரும் ஆமென் சொல்லவில்லை. இன்னும் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "எங்க வீட்டுக்காரரு விழுந்த அன்னைக்கு நான் முழங்கால்ல நிக்கல. சாட்சில சொன்னது பொய். தோசை சுட்டுட்டு நின்னேன். கூப்பிட்டதுக்குப் பதில் இல்லன்னதும் எனக்கு ஒண்ணும் ஓடல, தோசையத் திருப்பிப் போட்டுட்டு நின்னேன். இவதான் வந்து என் கன்னத்துல ஒரு அடி அடிச்சா. இவதான் கதவ ஒடச்சா, இவதான் தூக்கிட்டுப் போனா. வாகனம்னு சொன்னேன்ல, அத ஓட்டுனது இவ. பேரு தயாமணி. நாலு வருஷம் முந்தியே சொல்லியிருக்கணும்." அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதாள். ஐயரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய வெகு நேரம் ஆனது. "ஆமென்" என்றார். பிறகுதான் மற்றவர்களுக்கும் அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. "அப்ப முழங்கால் குழு?" என்று ராஜகனி மெல்லக் கேட்டாள். "வாரேன். நாற்காலில உக்காந்துதான் ஜெபிப்பேன்" என்றாள் வயலட். வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் நெஞ்சுக்குள்ளே, வெகு நாளாக அடைந்துகிடந்த சாமான்களை வாசலில் எடுத்துவைத்த வீடுபோல நடக்க இடம் இருந்தது.

பத்தாவது தயாமணி. அவள் எங்கே எழுந்து போய்விடுவாளோ என்று வயலட்டுக்கு உயிரே இல்லை. தயாமணி பாயின் கோரையை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தாள். "நான் ஒண்ணும் யோசிச்சிட்டு வரல" என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னாள். "தெனமும் காலைல வண்டி எடுக்கும்போது, இவங்க வீட்டுக் கேட்டுக்கிட்ட அண்ணன் நின்னு பேப்பர் படிச்சிட்டு இருப்பாங்க. நிக்காங்களான்னு மொதல்ல பாப்பேன். அதுக்கப்புறம்தான் சாவியப் போடுவேன். இன்னைக்கும் நின்னாங்க. அதுக்கு ஸ்தோத்திரம்."

ஆமென் எல்லாரும் சொல்லி முடித்தபிறகு வயலட்டின் ஆமென் தனியாக, பிந்தி, சத்தமாக வந்தது. நாலு வருஷம். அவள் உள்ளே ஜன்னலைச் சாத்திக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்த காலைகளில் எல்லாம், வெளியே ஒருத்தி அவளுடைய புருஷனைப் பார்த்துவிட்டுத்தான் நாளைத் தொடங்கியிருக்கிறாள். அவர் அங்கே நிற்பதற்கென்று வயலட் இந்த வாரம் ஒரு தடவையாவது ஸ்தோத்திரம் சொன்னாளா? கேட்டைத் திறந்து போட்டுவிட்டு நிற்கிறாரே, மாடு வராதா என்று கத்தினதுதான் ஞாபகம். பதினோராவதாக சுகந்தி டீச்சர் ஆரம்பித்துவிட்டார். கண்ணை மூட வேண்டிய நேரத்தில் வயலட் தலையைச் சாய்த்து, "அவரு படிக்கது ராசிபலன் தயா. சபையில கமிட்டி மெம்பரு, வெளிய சொல்லிராத" என்று முணுமுணுத்தாள். நாலு வருஷத்துக்குப் பிறகு பேசின முதல் பேச்சு அதுதான். தயாமணி கண்ணைத் திறக்காமலே, "தெரியும் மைனி. எனக்கும் வாசிச்சிச் சொல்லுவாங்க. எனக்கு ரிஷபம்" என்றாள். வயலட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் இத்தனை நாளும் இந்த மனுஷன் இவளோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வீட்டுக்குள் வந்து, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கா என்று கேட்கிற முகத்தோடு காப்பி குடித்திருக்கிறார். வீட்டுக்குப் போய் அவரை ஒரு கை பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். நினைக்கும்போதே, போய்ச் சண்டை பிடிக்க வீட்டில் அவர் இருக்கிறார் என்பதும் சேர்ந்து ஞாபகம் வந்தது. சுகந்தி டீச்சர் எதற்கு ஸ்தோத்திரம் சொன்னார் என்பதே அவள் காதில் விழவில்லை.